நெல் தீர்ந்தாலும் குதிர் நிற்கும்

கேள்வி: எனக்கு வயது 41. திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். உயரம் 155 சென்டிமீட்டர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் எடை 78 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருக்கிறீர்கள் என்று மருத்துவர் சொன்னார். மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1. ஒரு வீடியோவைப் பார்த்து, காலையில் கொள்ளுக் கஞ்சி, மதியம் காய்கறி சூப், இரவு பப்பாளி என்று நான்கு மாதம் இருந்தேன். நாளுக்கு 800 கலோரி என்று அதில் சொன்னார்கள். 11 கிலோ குறைந்தது, சர்க்கரையும் 5.6-க்கு இறங்கியது. ஆனால் முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பி 14 மாதம் ஆகிறது. இப்போது 80 கிலோ, சர்க்கரை 6.2. 'வாயைக் கட்டத் தெரியாதவள்' என்று வீட்டில் பேச்சு கேட்கிறேன். கரைந்த கொழுப்பு செல்கள் செத்துப்போகவில்லையா? போன எடை எப்படி வட்டியோடு வந்தது? வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை செய்துகொள்ளலாமா, அல்லது அதே பத்தியத்தை மறுபடி தொடங்கலாமா? என் 14 வயது மகளும் பருமனாக இருக்கிறாள், அவளையும் சேர்த்துக்கொள்ளலாமா? சில வாரங்களாகச் சாப்பிட்ட பிறகு வலப்பக்க விலாவுக்குக் கீழே வலிக்கிறது. வாயு என்று விட்டுவிட்டேன். பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் வாயு என்று ஒதுக்கிய வலியை என்னால் ஒதுக்க முடியாது. இந்த வாரமே வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். பித்தப்பையைக் கவனித்துப் பார்க்கும்படி சொல்லுங்கள். எடையை வேகமாகக் குறைத்தவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். நம் கொழுப்புத் திசுவில் கொலஸ்ட்ராலும் சேமிப்பில் இருக்கிறது. திசு வேகமாகக் கரையும்போது அந்தக் கொலஸ்ட்ரால் கல்லீரலுக்குப் போய், அங்கிருந்து பித்தநீரில் கலக்கிறது. பித்தப்பை சுருங்கித் தன்னைக் காலி செய்துகொள்ள வேண்டுமானால் சாப்பாட்டில் கொஞ்சமாவது எண்ணெய்ப் பசை இருக்க வேண்டும். சூப்பிலும் பப்பாளியிலும் அது இல்லை. கொலஸ்ட்ரால் மிகுந்த பித்தநீர் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தால் கல் கட்டும். கட்டிய கல் அப்போது வாய் திறக்காமல் இருந்துவிட்டு, எண்ணெய்ச் சாப்பாட்டுக்குத் திரும்பிய பிறகு வலியைத் தொடங்கலாம். உங்களுக்கு அதுதான் என்று ஸ்கேன் பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் வலியோடு காய்ச்சலோ குளிரோ வந்தால், கண் மஞ்சளானால், வலி சில மணி நேரமாகியும் அடங்காவிட்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இனி நீங்கள் கேட்டவை. உங்கள் கொழுப்பு செல்கள் சாகவில்லை, சுருங்கின.

என் பாட்டி வீட்டில் ஆளுயர மண் குதிர் ஒன்று இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் நெல் அடிமட்டத்துக்குப் போய்விடும். அதற்காகக் குதிரை யாரும் இடிப்பதில்லை. அது அதே மூலையில் வாயைத் திறந்தபடி நிற்கும். தையில் அறுவடை வந்ததும் நிரம்பும். கொழுப்பு செல்லும் அப்படித்தான். செல்லுக்குள் பெரும்பங்கு ஒரே ஒரு கொழுப்புத் துளிதான். செல்லின் மற்ற உறுப்புகளெல்லாம் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். நீங்கள் குறைவாகச் சாப்பிட்டபோது இரத்தத்தில் இன்சுலின் தாழ்ந்தது. குதிரின் மடையை அடைத்து வைத்திருப்பது இன்சுலின்தான். அது தாழ்ந்து, அட்ரினலின் போன்ற சுரப்புகளின் கை ஓங்கியதும், செல்லுக்குள் இருக்கும் நொதிகள் கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலமாகவும் கிளிசராலாகவும் வெளியே அனுப்புகின்றன. தசையும் இதயமும் கல்லீரலும் அதை எடுத்து எரிக்கின்றன. எரிந்த கொழுப்பு வியர்வையாக வழிவதாகப் பலர் நம்புகிறார்கள். ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் 2014-ல் அந்தக் கணக்கைத் தெளிவாகப் போட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. வயிற்றில் பெல்ட் கட்டி வியர்க்க வைப்பவர்களும் பொடி விற்பவர்களும் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல மாட்டார்கள். அவர்களைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

செல்களின் எண்ணிக்கை குறைவதில்லை என்பது எப்படித் தெரியும்? ஸ்டாக்ஹோமில் இருக்கும் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் ஆய்வு ஒன்று இருக்கிறது. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு திடீரென்று ஏறியது. 1963-ல் ஒப்பந்தம் வந்து வெடிப்புகள் நின்றதும் ஆண்டுக்கு ஆண்டு சீராகக் குறைந்து வந்தது. அந்தக் கார்பன் பயிரிலும், பயிரிலிருந்து உணவிலும், உணவிலிருந்து நம் உடலிலும் நுழைந்தது. ஒரு செல் பிறக்கும்போது அதன் மரபணுவில் எவ்வளவு கார்பன்-14 பதிந்ததோ, அது அந்தச் செல்லின் பிறந்த ஆண்டைச் சொல்லிவிடும். கிர்ஸ்டி ஸ்பால்டிங், பீட்டர் ஆர்னர், யோனாஸ் ஃபிரிசென் ஆகியோர் மனிதக் கொழுப்பு செல்களின் வயதை இப்படிக் கணக்கிட்டு 2008-ல் வெளியிட்டார்கள். குழந்தைப் பருவத்திலும் விடலைப் பருவத்திலும் செல்களின் எண்ணிக்கை ஏறுகிறது. பெரியவர்களான பிறகு மாறாமல் நிற்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் செல்கள் இறக்கின்றன, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. ஒல்லியானவர், பருமனானவர் இருவருக்கும் இந்த வேகம் ஒன்றே. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு பெருமளவு இளைத்தவர்களின் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். செல்கள் சிறுத்திருந்தன, எண்ணிக்கை அப்படியே இருந்தது. அறுவை சிகிச்சையே குறைக்காத எண்ணிக்கையைப் பப்பாளி குறைத்திருக்க வழியில்லை.

காலியான குதிர் சும்மா நிற்பதும் இல்லை. கொழுப்புத் திசுவைச் சதைப் பொதி என்று நினைத்த காலம் 1994-ல் முடிந்தது. அந்த ஆண்டு நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு லெப்டினுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. லெப்டினைச் சுரப்பது கொழுப்பு செல்லே. இரத்தத்தின் வழியே மூளைக்குப் போய், 'கையிருப்பு இவ்வளவு இருக்கிறது' என்று சொல்லும் ஓலை அது. நீங்கள் சாப்பாட்டை வெட்டிய சில நாட்களிலேயே லெப்டின் விழத் தொடங்கியிருக்கும். கொழுப்பு கொஞ்சம்தான் குறைந்திருக்கும், லெப்டினோ அதைவிட வேகமாக இறங்கியிருக்கும். மூளைக்குக் கிடைக்கும் செய்தி ஒன்றுதான்: பஞ்சம். உங்களுக்குச் சர்க்கரை குறைய வேண்டும் என்ற உங்கள் நல்ல நோக்கம் அந்தச் செய்தியில் இல்லை. தாது வருடப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தில் கொத்துக்கொத்தாக மக்கள் மடிந்தார்கள். பிழைத்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். கையிருப்பு குறைந்ததும் கூச்சல் போடும் உடல்தான் அப்படிப்பட்ட நாட்களைத் தாண்டும்.

அந்த ஓலை வராமலே போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். 1997-ல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். மரபணுக் குறையால் அவர்கள் உடலில் லெப்டின் இல்லை. உடல் முழுக்கக் கொழுப்பு இருந்தும் மூளைக்குத் தகவல் வராததால் அந்தக் குழந்தைகள் தீராப் பசியோடு இருந்தார்கள். பிறகு லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கியது, எடை இறங்கியது. அந்தக் குழந்தைகளையும் எத்தனை பேர் 'வாயைக் கட்டத் தெரியாதவர்கள்' என்று ஏசியிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. உங்களுக்கு அந்த அரிய குறை இல்லை, லெப்டின் ஊசியாலும் உங்களுக்குப் பயன் இல்லை. பசி என்பது மன உறுதி சார்ந்தது மட்டுமே என்ற எண்ணத்தை அந்த இரு குழந்தைகள் உடைத்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்து நீங்கள் உள்ளபடியே சந்தித்த நிலை. மெல்போர்னில் பிரியா சுமித்ரன் குழுவினர் 50 பேருக்கு 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். எடை குறைந்தது. லெப்டின் விழுந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் ஏறியது. இது எதிர்பார்த்ததே. ஓராண்டு கழித்து மறுபடி இரத்தத்தைப் பார்த்தபோது அந்தச் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. பசியும் தணியவில்லை. 2011-ல் வந்த இந்த ஆய்வை நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்லாத நாளே இல்லை. பத்தியம் முடிந்து பல மாதங்களாகியும் உங்கள் தட்டின் முன்னால் நின்ற பசி நிஜமானது. உங்கள் வீட்டிலிருப்பவர்களிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

பசி ஏறியதோடு செலவும் சுருங்கியது. எடை 10 சதவீதம் குறைந்தவர்களின் உடல், அந்தச் சிறிய உடலுக்கு எதிர்பார்க்கும் அளவையும்விடக் குறைவான சக்தியையே செலவிடுகிறது என்று ருடால்ஃப் லைபல் குழு 1995-ல் அளந்து காட்டியது. முன்பு நீங்கள் சாப்பிட்டு எடை ஏறாமல் இருந்த அதே நான்கு தோசை, 67 கிலோவில் உங்களுக்கு மிச்சமாகிச் சேமிப்புக்குப் போயிருக்கும்.

போன எடை வட்டியோடு வந்ததற்கு இதைவிட நெருக்கமான காரணம் ஒன்று உண்டு. நீங்கள் குறைத்த 11 கிலோவும் கொழுப்பு இல்லை. முதல் வாரம் 'சரசர'வென்று இறங்கியது பெரும்பாலும் கல்லீரலிலும் தசையிலும் இருந்த கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பும், அதனோடு ஒட்டியிருந்த தண்ணீரும். அதன் பிறகு குறைந்ததிலும் தசை கலந்திருக்கும். நீங்கள் சாப்பிட்ட உணவில் புரதம் மிகக் குறைவு; உடலுக்குப் புரதம் வேண்டும், வாசலில் வராவிட்டால் வீட்டுக்குள்ளிருந்து எடுக்கும். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45-ல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆண்களை, அவர்கள் சம்மதத்துடன், 24 வாரம் அரைப் பட்டினியில் வைத்துப் பார்த்தார். ஐரோப்பாவில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி மறுபடி உணவு கொடுப்பது என்று அறிவதே நோக்கம். அவர்கள் உடல் எடையில் கால் பங்கை இழந்தார்கள். மறுபடி சாப்பிடத் தொடங்கியபோது கொழுப்பு முதலில் திரும்பியது, தசை பின்தங்கி மெதுவாக வந்தது. தசை பழைய அளவை எட்டும்வரை அந்த மனிதர்களின் பசி அடங்கவில்லை. அதற்குள் கொழுப்பு பழைய அளவைத் தாண்டிவிட்டது. அப்துல் தூலு என்ற விஞ்ஞானி பல ஆண்டுகள் கழித்து அந்த ஏடுகளை மறுபடி எடுத்துக் கணக்கிட்டு இதைச் சுட்டிக்காட்டினார். 78 எப்படி 80 ஆனது என்று கேட்டீர்களே, என் கணிப்பில் அதன் விடை இங்கே இருக்கிறது. இன்றைய 80 கிலோவில், அன்றைய 78-ல் இருந்ததைவிடத் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருக்க வாய்ப்பு மிகுதி. அந்த 800 கலோரிப் பத்தியத்தை மறுபடி தொடங்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். இன்னொரு முறை போனால் இன்னும் கொஞ்சம் தசை போகும்.

2024-ல் சூரிச்சிலிருந்து ஃபெர்டினாண்ட் ஃபோன் மையென் குழுவின் ஆய்வு ஒன்று வந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டு எடை குறைந்தவர்களின் கொழுப்புத் திசுவில், இரண்டு ஆண்டுகள் கழித்தும் பருமன் காலத்து மரபணுச் செயல்பாட்டின் தடங்கள் அழியாமல் இருந்தன. எலிகளில் அந்த நினைவு மரபணுவைச் சுற்றிய குறியீடுகளில் பதிந்திருந்தது. அப்படிப்பட்ட எலிகள், கொழுப்பு மிகுந்த தீனி கிடைத்ததும் மற்ற எலிகளைவிட வேகமாகப் பருத்தன. மனிதரில் அந்த நினைவு தேயுமா, எத்தனை காலம் ஆகும் என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும். இன்றைய நிலையில் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: குறைத்த எடையில் எவ்வளவு காலம் நிற்கிறீர்கள் என்பது, எவ்வளவு குறைத்தீர்கள் என்பதற்கு நிகராக முக்கியம்.

இவ்வளவும் படித்து மனம் தளர்ந்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்த எண் ஒன்று இருக்கிறது: 6.1 என்பது 5.6 ஆனது. அந்த நான்கு மாதத்தில் உங்கள் உடல் காட்டிய பதில் அது.

கொழுப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. பெண்களின் தொடையிலும் பிட்டத்திலும் உள்ள கொழுப்பு பிடிவாதமானது; அட்ரினலினின் அழைப்புக்கு எளிதில் செவி கொடுக்காது. குடலைச் சுற்றி வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு அப்படி இல்லை. சாப்பாடு குறைந்ததும் முதலில் கதவைத் திறப்பது அதுதான். கல்லீரலுக்குள் படிந்த கொழுப்போ இன்னும் விரைவாக, சில நாட்களிலேயே கரையத் தொடங்குகிறது. ஊரார் கண்ணுக்குத் தெரிவது தொடையும் கையும்; நோயைக் கொண்டுவருவது வயிறும் கல்லீரலும். தராசில் முதல் 4 கிலோ குறைந்த நேரத்தில் உள்ளே நடந்திருக்கும் மாற்றம் அந்த 4 என்ற எண்ணைவிடப் பெரியது.

இது நம் நாட்டு உடலுக்குக் கூடுதலாகப் பொருந்தும். புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் ஜான் யட்கினும் 2004-ல் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்தியர் உள்ளே கொழுத்திருக்கிறார். தோலுக்கடியில் இருக்கும் குதிர்கள் நிரம்பி, இனி இடமில்லை என்றதும், மிச்சம் கல்லீரலிலும் கணையத்திலும் வழிகிறது. அப்படி வழியும் எல்லை ஆளுக்கு ஆள் மாறும். நமக்கு அது சீக்கிரமே வந்துவிடுகிறது. நம் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் எச்சரிக்கை என்று நாங்கள் சொல்வது இதனால். பிரிட்டனில் ராய் டெய்லரும் மைக் லீனும் நடத்திய ஆய்வில், சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்களுக்கு, மருத்துவக் கண்காணிப்பில், புரதமும் வைட்டமினும் கணக்கிட்டுத் தயாரித்த குறைகலோரி உணவைச் சில மாதம் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரையில்லாமலே சர்க்கரை நோய் பின்வாங்கியிருந்தது. வழிந்த கொழுப்பு வடிந்தால் கல்லீரலும் கணையமும் மூச்சு விடுகின்றன. கவனியுங்கள்: அந்த ஆய்வின் உணவும் 800-ஐ ஒட்டிய கலோரிதான். ஆனால் அதில் மருத்துவர் இருந்தார், புரதம் இருந்தது, முடிந்த பிறகு சாதாரண உணவுக்குப் படிப்படியாகத் திரும்பும் திட்டமும் மாதந்தோறும் சந்திப்பும் இருந்தன. உங்கள் வீடியோவில் இவை எதுவும் இல்லை.

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சாமுவேல் கிளைன் குழு 15 பருமனான பெண்களுக்கு வயிற்றுத் தோலின் கீழிருந்து ஆளுக்கு ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தது. 2004-ல் முடிவு வந்தது: இன்சுலின் வேலை செய்யும் திறனும் இரத்தக் கொழுப்பும் இரத்த அழுத்தமும் தேறவில்லை. இவர்களுக்குச் செல்களே வெளியேறின, ஆனால் மீந்திருந்த செல்கள் வீங்கியபடியே இருந்தன. கல்லீரலை அந்தக் குழாய் தொடவும் இல்லை. அழகுக்காகச் செய்துகொள்பவர்களை நான் குறை சொல்லவில்லை. உங்கள் 6.2-க்கு அது மருந்து ஆகாது. அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மகள். அவளைச் சேர்க்காதீர்கள். கலோரி எண்ணும் எந்தப் பத்தியத்தையும் அவள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். 14 வயது என்பது எலும்பு நீளும், மாதவிடாய் ஒழுங்குபடும், மூளை முதிரும் வயது. பட்டினி அவள் உயரத்தையும் இரத்தத்தையும் தின்னும். கொழுப்பு செல்களின் எண்ணிக்கை ஏறும் பருவமும் இதுவே என்பதால் அவளைக் கவனிக்காமலும் விட முடியாது. கவனிப்பது வேறு, பட்டினி போடுவது வேறு. பாட்டில் குளிர்பானமும் பாக்கெட் தீனியும் வீட்டுக்குள் வராமல் இருப்பது, மாலையில் டியூஷனுக்குப் பதில் ஒரு மணி நேரம் ஓடியாடுவது, இரவு 10 மணிக்குக் கைப்பேசி கூடத்தில் உறங்குவது: இவை போதும். எடை அப்படியே நின்று உயரம் ஏறினாலே அவள் தேறிவிடுவாள். பின் கழுத்தில் கருமை படிந்திருந்தாலோ, மாதவிடாய் தவறினாலோ குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஒன்று மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்: அவள் உடலைப் பற்றி வீட்டில் யாரும் சாப்பாட்டு நேரத்தில் பேசக் கூடாது. நீங்கள் கேட்ட ஏச்சு அவள் காதில் விழ வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது, இந்த முறை சிறிய அளவில், நீண்ட காலம். ஆறு மாதத்தில் 80-லிருந்து 75. அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆறு மாதம் ஒரு கிலோகூடக் குறைக்க முயலாமல் 75-ல் நிற்பது. இரண்டாவது பாதியே கடினமான வேலை, அதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

இப்போது நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை, ஆகவே பொதுவாகச் சொல்கிறேன். பசியை ஓரளவு அடக்குவதும் தசையைக் காப்பதும் புரதம். நாளுக்கு 60 கிராம் அளவுக்கு வர வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கிண்ணம் வெந்த கொண்டைக்கடலைச் சுண்டலில் ஏறத்தாழ 14 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராமை ஒட்டி, ஒரு டம்ளர் பாலில் 6 கிராம். காலை மூன்று இட்லியோடு ஒரு முட்டையும் கெட்டிச் சாம்பாரும் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் சாதத்தை ஒரு கிண்ணமாக்கி, கூட்டும் பொரியலும் இரண்டு கிண்ணமாக்குங்கள். முதலில் காய், பிறகு பருப்போ மீனோ, கடைசியில் சாதம் என்று சாப்பிட்டுப் பாருங்கள். மாலை அலுவலகத்தில் டீயோடு வரும் பஜ்ஜிக்குப் பதிலாகச் சுண்டல். செவ்வாய், வெள்ளிகளில் அசைவம் இல்லாத வீடென்றால் அன்று பருப்பையும் தயிரையும் கூட்டுங்கள். எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி, நல்லெண்ணெயானாலும் தேங்காய் எண்ணெயானாலும் அதே கணக்கு. கொள்ளு நல்ல தானியம், அதை விட்டுவிட வேண்டாம்; காலை உணவு முழுக்க அதுவே என்பதுதான் தவறு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பித்தப்பையில் கல் இருப்பது தெரிந்தால் இந்தத் திட்டத்தையே கொஞ்சம் தள்ளிவைக்க நேரலாம்.

தசைக்கு வேலை கொடுக்காமல் புரதம் மட்டும் கொடுத்தால் போதாது. நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களைத் தோளுக்கு மேல் தூக்குவது, வாரம் மூன்று நாள், 20 நிமிடம். நடை தினமும். கணக்கு எழுதும் வேலையில் மணிக்கு ஒரு முறை எழுந்து மாடிப்படி ஏறி இறங்குங்கள். எடை ஏறாமல் பிடித்து நிறுத்துவதில் நடையின் பங்கு, எடையைக் குறைப்பதில் அதன் பங்கைவிடப் பெரியது என்பதை நான் இத்தனை ஆண்டுகளாகப் பார்க்கிறேன்.

தராசின் முள் நகராத வாரங்கள் வரும். அப்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு, உங்களைப் போலச் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடையோ ஏறத்தாழ அப்படியே இருந்தது. நம் ஊர் மனிதர்கள், நம் ஊர்ச் சாப்பாடு. ஆகவே எடையை வாரம் ஒரு நாள் பாருங்கள், போதும். வயிற்றுச் சுற்றளவைத் தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், மாதம் ஒரு முறை குறித்து வையுங்கள்.

முடி உதிர்ந்ததைப் பற்றி ஒரு சொல். பட்டினிக்கு இரண்டு, மூன்று மாதம் கழித்து முடி உதிர்வது அறிந்த விஷயம், பெரும்பாலும் தானே வளர்ந்துவிடும். இன்னும் உதிர்கிறது என்றால் ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பு, தைராய்டு மூன்றையும் பாருங்கள். தைராய்டு குறைவாக இருந்தால் எடைக் கதையின் ஒரு பகுதி அங்கேயும் இருக்கலாம். வாரம் ஒரு முறை போடும் புதிய எடைக் குறைப்பு ஊசிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது சொல்வார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் எடையிலும் சர்க்கரையிலும் அவை பொருந்தக்கூடியவை, போட்டுக்கொள்வது கோழைத்தனம் இல்லை. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது. காரணம் மேலே எழுதிய அதே குதிர்கள்தான். பித்தப்பைக் கல் இருந்தால் அந்த ஊசிக்கு முன் மருத்துவர் இருமுறை யோசிப்பார். அதனாலும் ஸ்கேன் முதலில்.

ஸ்கேன் முடிவையும், தைராய்டு முடிவையும், இந்த ஒரு வாரத்தில் மூன்று வேளையும் நீங்கள் சாப்பிட்டதை மறைக்காமல் எழுதிய ஒரு தாளையும் அடுத்த கடிதத்தில் அனுப்புங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு 75-க்கான கணக்கைச் சேர்ந்து போடுவோம்.